பொந்துக்குள் புகுந்த திருடன் யார்? கேமரா சொல்லும் சாட்சி

(கிராம நேயர்களுக்கான வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



அடைக்கு வைத்த முட்டை பொழுது விடிந்து பார்த்தால் காணோம். உடனே வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "கீரிதான் வந்திருக்கும்" என்பார் ஒருவர். "இல்லை, உடும்பு" என்பார் இன்னொருவர். "நேற்று சாயங்காலம் வேலியோரம் ஒரு சாரை போச்சே, அதான்" என்பார் மூன்றாமவர். அன்றைக்குக் கண்ணில் படுகிற சாரைக்குத்தான் கெட்ட காலம். அது முட்டை தின்றதோ இல்லையோ, தடியால் அடி விழுந்துவிடும். பனை மரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் அல்லவா? அந்தக் கதைதான்.

திருடனைத் தப்பாகக் கணித்தால் நஷ்டம் இரண்டு. குற்றமில்லாத பிராணி சாகிறது. உண்மையான திருடன் அடுத்த ராத்திரியும் வருகிறான். இதே சிக்கல் பறவை ஆராய்ச்சியாளர்களுக்கும் நெடுங்காலமாக இருந்தது. அதை எப்படித் தீர்த்தார்கள் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் இருக்கிற ஒரு மரங்கொத்தியை எடுத்துக்கொள்வோம்.

உயிருள்ள மரத்தில் வீடு கட்டும் பறவை

இந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் 'ரெட் காக்கேடட் உட்பெக்கர்' என்று பெயர். நாம் செங்கீற்று மரங்கொத்தி என்று சொல்லலாம். சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், எடை 50 கிராம் சுமாருக்கு. உடம்பு கறுப்பும் வெள்ளையும், கன்னம் வெள்ளை. ஆண் பறவைக்குத் தலையின் பக்கவாட்டில் மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று உண்டு. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தில் அல்லது உளுத்த கிளையில் பொந்து போடும். அங்கே மரம் மெத்தென்று இருக்கும், வேலை சுலபம். இந்தப் பறவை மட்டும் உயிரோடு நிற்கிற பைன் மரத்தில்தான் பொந்து போடுகிறது. அதுவும் 60, 80 வருஷம், அதற்கும் மேலே வயதான மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. வயதான மரத்தில்தான் பொந்து கொள்கிற அளவுக்கு வைரம் பாய்ந்திருக்கும். அந்த வைரப் பகுதியை ஒரு வகைப் பூஞ்சாணம் பிடித்து இளக்கி வைத்திருக்கும். அப்படி இருந்தும் ஒரு பொந்தை முடிக்கப் பல மாதம் பிடிக்கும். சில மரங்களில் பல வருஷமே ஆகிவிடும். நாம் ஒரு கிணறு வெட்டுகிற பாடுதான்.

இவ்வளவு சிரமம் எதற்கு? அதற்கான காரணம் மரத்தின் பிசினில் இருக்கிறது. பைன் மரத்தைக் கீறினால் பிசின் வடியும். பட்ட மரத்தில் பிசின் ஏது? இந்தப் பறவை தன் பொந்து வாசலைச் சுற்றி மேலேயும் கீழேயும் சின்னச் சின்னக் குழிகளைக் கொத்தி வைக்கிறது. அந்தக் குழிகள் ஆறிவிடாமல் அடிக்கடி கொத்திக் கொண்டே இருக்கிறது. பிசின் வடிந்து வடிந்து, எரிந்து உருகிய மெழுகுவர்த்தி மாதிரி மரம் வெள்ளையாகத் தெரியும். பொந்தைச் சுற்றி இருக்கிற சொரசொரப்பான பட்டையையும் உரித்து வழவழப்பாக்கிவிடும்.

இந்த ஏற்பாடெல்லாம் யாரைத் தடுக்க? மரம் ஏறுகிற பாம்பைத் தடுக்கத்தான். அந்தக் காடுகளில் எலிப் பாம்பு என்று ஒன்று உண்டு. எலி, அணில், பறவை முட்டை, குஞ்சு எல்லாம் தின்னும். விஷம் கிடையாது. வயிற்றுச் செதில்களின் விளிம்பைப் பட்டை வெடிப்பில் கொடுத்துப் பற்றிக்கொண்டு செங்குத்தான மரத்திலும் ஏறிவிடும். பிசின் வடிகிற இடத்துக்கு வந்தால் செதில்களில் பிசின் அப்பிக்கொள்ளும். பிடி வழுக்கும். பாம்பு திரும்பிப் போகும், இல்லையென்றால் கீழே விழும். ஜெரோம் ஜாக்சன் என்ற பறவை அறிஞர் 1974-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். 1990-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பாம்புகளை மரத்தில் ஏறவிட்டே பரிசோதித்துப் பார்த்தார்கள். பிசினும் சரி, உரித்த பட்டையும் சரி, இரண்டுமே பாம்பைத் தடுக்கின்றன என்று தெரிந்தது.

அப்படியும் முட்டை காணாமல் போனது

இந்தப் பறவை ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடு வைக்கும். வழக்கமாக மூன்று, நான்கு முட்டை. பத்துப் பதினோரு நாளில் குஞ்சு பொரிந்துவிடும். பிறகு 26 முதல் 29 நாளில் குஞ்சுகள் பறந்து போகும். ஆக மொத்தம் ஐந்தாறு வாரந்தான். அந்த ஐந்தாறு வாரமும் கண்டம்.

முன்பெல்லாம் இந்தப் பொந்துகளைச் சோதிப்பது பெரிய வேலை. மரத்தோடு ஏணியைக் கட்டி மேலே ஏற வேண்டும். சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் பொந்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். போன வாரம் நான்கு முட்டை, இந்த வாரம் பொந்து காலி. தின்றது யார்? ஓடு கிடந்தால் அணில் வகை என்றும், சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தால் பாம்பு என்றும் ஒரு கணக்குப் போட்டார்கள். பாம்பு முழுசாக விழுங்கும், ஓடு மிஞ்சாது என்பது அந்தக் கணக்கின் அடிப்படை.

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டில் கணக்கு இவ்வளவு நேராக இருப்பதில்லை. முதலில் ஒரு பிராணி வந்து இரண்டு முட்டையைத் தின்றுவிட்டுப் போகும். அடுத்து வேறொன்று வந்து மீதியைத் தின்னும். உடைந்த முட்டை ஓட்டைத் தாய்ப் பறவையே வெளியில் கொண்டு போய்ப் போட்டுவிடும். ஒரே பிராணி ஒரு நாள் ஒரு விதமாகத் தின்னும், மறுநாள் வேறு விதமாகத் தின்னும். மிச்சம் மீதியைப் பார்த்துத் திருடனைச் சொல்ல முடியாது என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது அங்கேயும் சரியாகப் போயிற்று.

கேமராவுக்குக் காவல் வேலை

பிராணி தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும்படி கேமரா வைப்பது புதிய யோசனை அல்ல. நம் நாட்டிலேயே 1920-களில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி, புலி நடக்கிற தடத்தில் கம்பி கட்டி வைத்தார். புலியின் கால் கம்பியில் பட்டதும் விளக்கு பளிச்சிடும், படம் பதிவாகும். ஆனால் ஒரு கம்பிக்கு ஒரு படந்தான். மறுபடி ஆள் போய்த் தயார் செய்ய வேண்டும். கூட்டைக் காவல் காக்க அது பத்தாது.

1990-களில் சின்னஞ்சிறு வீடியோ கேமராக்கள் வந்தன. கேமராவைக் கூட்டுக்குப் பக்கத்தில் மறைவாகக் கட்டினார்கள். அங்கிருந்து வயர் இழுத்து, சற்றுத் தள்ளி வைத்த ரெக்கார்டரோடு இணைத்தார்கள். மின்சாரத்துக்கு 12 வோல்ட் பாட்டரி. ஆள் போய்க் கேசட்டை மாற்றி, பாட்டரியையும் மாற்றி வர வேண்டும். இன்றைக்குக் கேசட்டுக்குப் பதிலாக விரல் நகம் அளவில் மெமரி கார்டு வந்துவிட்டது. வேலை சுலபம்.

"ராத்திரி இருட்டில் எப்படிப் படம் விழும்?" என்று கேட்பீர்கள். அகச்சிவப்பு ஒளி என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் டி.வி. ரிமோட்டை அழுத்துகிறோமே, அதிலிருந்து வருவதும் அந்த ஒளிதான். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அந்த விளக்கைப் போட்டு வைத்தால் பறவைக்கும் தொந்தரவில்லை, திருடனுக்கும் சந்தேகம் வராது. படம் மட்டும் கறுப்பு வெள்ளையில் வரும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காட்டில் வைக்கிற தானியங்கிக் கேமராக்களில் பெரும்பாலானவை உடல் சூட்டை உணர்ந்து வேலை செய்பவை. மான், நரி, பூனை போன்ற வெப்ப ரத்தப் பிராணி எதிரே நடந்தால் கேமரா விழித்துக்கொள்ளும். பாம்புக்கு அப்படித் தனிச் சூடு கிடையாது. மரம் என்ன சூட்டில் இருக்கிறதோ ஏறக்குறைய அதே சூட்டில்தான் அதுவும் இருக்கும். மெதுவாக வேறு ஊர்ந்து வரும். கேமரா தூங்கிக் கொண்டே இருக்கும், பாம்பு வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். பிறகு கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இங்கே பாம்பே வரவில்லை" என்று எழுதினால் அது எவ்வளவு பெரிய தப்பு! அதனால்தான் பாம்பு வரக்கூடிய கூடுகளில் இரவு பகல் நிறுத்தாமல் பதிவு செய்கிறார்கள், அல்லது சூட்டை நம்பாமல் குறிப்பிட்ட விநாடிக்கு ஒரு படம் என்று எடுக்கிறார்கள்.

பொந்துக்குள்ளே பார்ப்பதற்கு வேறொரு கருவி இருக்கிறது. நம்ம துரட்டிக்கோல் தெரியும் அல்லவா? அதைப் போல நீட்டி நீட்டிச் சொருகக்கூடிய நீளக் கோல். நுனியில் சின்னக் கேமராவும் விளக்கும் இருக்கும். கீழே நிற்பவர் கையில் ஒரு திரை. கோலைப் பொந்து வாசலுக்கு நீட்டினால், உள்ளே எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று தரையில் நின்றபடியே எண்ணிவிடலாம். ஏணி வேண்டாம். ஓரிரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. சில சமயம் குஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பறக்கும் அணில் படுத்திருக்கும். சில சமயம் வயிறு புடைத்த பாம்பு சுருண்டு கிடக்கும்.

படத்தில் விழுந்தவர்கள்

கேமரா வைத்த பிறகு பல பறவைகளின் கூடுகளில் ஆச்சரியமான சங்கதிகள் வெளிவந்தன. வட டக்கோட்டா மாநிலத்துப் புல்வெளியில், தரையில் இருக்கிற சின்னப் பறவைக் கூடுகளில் கேமரா வைத்தார்கள். நரி வரும், கீரி வகை வரும் என்று எதிர்பார்த்தார்கள். அவற்றோடு மானும் படத்தில் விழுந்தது! புல் மேய்கிற சாது மான், கூட்டில் இருந்த குஞ்சுகளைத் தின்பது பதிவாகி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. யாராவது மானைச் சந்தேகப்பட்டிருப்பார்களா?

மிசௌரி, டெக்சாஸ் மாநிலங்களில் புதர்க் கூடுகளில் வைத்த கேமராக்கள் பாம்புகளையே அதிகமாகக் காட்டின. எலிப் பாம்பு பல தடவை இருட்டிய பிறகே வந்தது. பகலில் மட்டும் காவல் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. தோட்டங்களில் சிட்டுகளுக்காகக் கட்டித் தொங்கவிடும் மரப்பெட்டிகளைத் துளைத்துக் குஞ்சுகளை இழுத்துத் தின்பதில் பெரும்புள்ளி மரங்கொத்தியும் ஒன்று. ஒரு காட்டில் பறிகொடுக்கிற சாதி இன்னொரு ஊரில் திருடுகிறது. பிராணிகளில் நல்லவன், கெட்டவன் என்று பிரிப்பது நம் மனசுதான். ஒவ்வொன்றும் தன் வயிற்றுப் பாட்டைப் பார்க்கிறது.

திருடனுக்கு ஏற்ற பூட்டு

திருடன் யார் என்று தெரிந்தால் தடுப்பு எளிது. செங்கீற்று மரங்கொத்தி விஷயத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள்.

பாம்பு ஏறுகிற மரத்தில் பட்டையைச் சீவி வழவழப்பாக்கினார்கள். அதாவது பறவை செய்கிற அதே வேலையை மனிதன் பெரிய அளவில் செய்தான். பெரிய சாதி மரங்கொத்தி ஒன்று வந்து பொந்து வாசலைக் கொத்திப் பெரிதாக்கிக் கெடுத்துவிடும். அதற்கு வாசலைச் சுற்றி உலோகத் தகடு அடித்தார்கள். பறக்கும் அணிலுக்குப் பொந்தின் மேலும் கீழும் அலுமினியத் தகடு சுற்றிப் பார்த்தார்கள்.

இந்தப் பறக்கும் அணில் வழக்கு கொஞ்சம் சிக்கலானது. அது பொந்தை ஆக்கிரமிப்பது உண்மை. ஆனால் முட்டை குஞ்சுக்கு எவ்வளவு சேதம் செய்கிறது? சில இடங்களில் அணிலை அப்புறப்படுத்தியபோது பறவைகள் கூடுதலாகக் குஞ்சு பொரித்தன. வேறு சில இடங்களில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே எல்லாக் காட்டிலும் ஒரே தீர்ப்புச் சொல்லக்கூடாது. நம் ஊரில் ஒரு வயலுக்குப் பொருந்துகிற உரக் கணக்கு அடுத்த வயலுக்குப் பொருந்தாது அல்லவா? அது போலத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உண்மை இருக்கிறது. இந்தப் பறவையை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது பாம்பும் அல்ல, அணிலும் அல்ல. பழைய மரங்களை வெட்டித் தீர்த்ததுதான். நீள ஊசியிலை பைன் காடு ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்தது. 1990-களில் அதில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர்தான் மிஞ்சியது. மரத்துக்கு வயதாகுமுன் வெட்டினால் வைரம் ஏது, பொந்து ஏது? 1970-ல் அமெரிக்க அரசு இதை அழியும் பறவைகளின் பட்டியலில் சேர்த்தது. 1989 செப்டம்பரில் ஹியூகோ என்ற புயல் தென் கரோலினாவில் வீசியபோது, பிரான்சிஸ் மேரியன் காட்டில் பொந்து மரங்களில் பெரும்பகுதி ஒரே ராத்திரியில் சாய்ந்தது. அதன் பிறகு மரத்தில் செவ்வகமாக வெட்டி, தயாராகச் செய்த பெட்டிப் பொந்தைச் சொருகி வைத்தார்கள். பறவைகள் வந்து குடியேறின. காட்டைக் காப்பது, அடிப்புதரை அளவாகத் தீயிட்டுக் கட்டுப்படுத்துவது, பெட்டிப் பொந்து வைப்பது, வாசலுக்குத் தகடு அடிப்பது என்று வருஷக்கணக்கில் பாடுபட்டார்கள். 1970-களில் சுமார் 1,470 கூட்டங்களாகக் குறைந்திருந்த பறவை, இப்போது சுமார் 7,800 கூட்டங்களாகப் பெருகியிருக்கிறது. 2024 அக்டோபரில், 'அழியும் நிலை' என்பதிலிருந்து ஒரு படி இறக்கி, 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்று மாற்றினார்கள். ஆபத்து முழுக்க நீங்கிவிடவில்லை. ஆனால் மூச்சு வந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

"அமெரிக்கப் பறவை கதை நமக்கெதற்குங்க?" என்று யாராவது கேட்டால், நான்கு விஷயம் சொல்வேன்.

ஒன்று: திருடனைப் பார்க்காமல் தண்டனை கொடுக்காதீர்கள். கோழிக்கூட்டில் முட்டை காணாமல் போனால், கூட்டைச் சுற்றிச் சலித்த சாம்பலையோ பொடி மணலையோ ராத்திரியில் பரப்பி வையுங்கள். விடிந்ததும் தடத்தைப் பாருங்கள். கீரிக்குப் பாதத் தடம் இருக்கும், உடும்புக்கு நகத்தோடு வால் கோடு இருக்கும், பாம்புக்கு உடல் இழைந்த தடம் மட்டும் இருக்கும். வீட்டில் சி.சி. கேமரா வைத்திருப்பவர்கள் அதன் முகத்தை ஒரு வாரத்துக்குக் கோழிக்கூட்டின் பக்கம் திருப்பி வைத்தால் சண்டையே வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்கிற கேமராவில் பாம்பு விழாமல் போகலாம்.

இரண்டு: அடிப்பதைவிடத் தடுப்பது மேல். கூட்டின் அடியில் இருக்கிற சந்தை அடைப்பது, கண் நெருக்கமான கம்பி வலை அடிப்பது, சாயங்காலமே முட்டையை எடுத்துவிடுவது, இவைதான் நிரந்தரப் பூட்டு. ஒரு சாரையை அடித்தால், அது தின்றிருக்க வேண்டிய எலியெல்லாம் உங்கள் நெல்லைத் தின்னும். சாரை, உடும்பு, கீரி மூன்றும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்று: தென்னையில் எலிக்குத் தகடு கட்டுவது நமக்குப் பழக்கமான சங்கதி. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், 40 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தகரத்தை மரத்தைச் சுற்றிக் கட்டினால் எலி வழுக்கி விழும். மரங்கொத்தி பிசினால் செய்கிற வேலையும் இதே தத்துவந்தான். ஆனால் இங்கேயும் திருடன் எங்கே இருக்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும். எலி ஏற்கெனவே கொண்டையில் குடியிருந்தால், அல்லது பக்கத்து மரத்தின் மட்டை உரசிக்கொண்டிருந்தால், கீழே தகடு கட்டி என்ன பிரயோசனம்? முதலில் கொண்டையைச் சுத்தம் செய்யுங்கள். மட்டைகள் ஒன்றோடொன்று தொடாமல் இருக்கிற மரத்தில்தான் தகடு பலிக்கும்.

நான்கு: தோப்பில், வரப்பில் ஒன்றிரண்டு முதிர்ந்த மரத்தையும் பட்ட மரத்தையும் விட்டு வையுங்கள். வீட்டுக்கோ நடைபாதைக்கோ ஆபத்தில்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பொன்முதுகு மரங்கொத்தி அதில் பொந்து போடும்; எறும்பையும் பட்டைக்குள் இருக்கிற புழுவையும் தின்னும். அது விட்டுப் போன பொந்தில் மைனாவோ புள்ளி ஆந்தையோ குடி வரும். புள்ளி ஆந்தை பூச்சியையும் சுண்டெலியையும் பிடித்துத் தின்னும். சம்பளம் கேட்காத காவல்காரன்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஆராய்ச்சிக்காரர்கள் கேமரா வைக்கும்போதுகூடப் பல கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறார்கள். பறவை முட்டை இடத் தொடங்கிய புதிதில் பக்கத்தில் போக மாட்டார்கள். கூட்டை விட்டே போய்விடும் என்ற பயம். நன்றாக அடைகாக்கத் தொடங்கிய பிறகு, சீக்கிரமாக வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடுவார்கள். செல்போனில் படம் எடுக்க ஆசைப்படுகிற நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். கூட்டுக்குள் கையை விடக்கூடாது, கிளையை வளைக்கக்கூடாது, தாய்ப் பறவை கத்தினால் உடனே விலகிவிட வேண்டும். தூர நின்று பார்த்தாலே தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.